ஓலை வாசிக்காமல் சொன்ன சம்மதம்

படித்துப் பார்க்காமல் ‘சரி’ சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தத் திறமையை வருங்கால மாமனாரின் கடையில் அரங்கேற்றியதுதான் தப்பு.

புதுக்கடை என்ற ஊரில் மாமாவுக்கு டிடிபி கடை. அவர் மகள் ஷைனிக்கும் எனக்கும் நிச்சயமாகி, கோயிலில் இரண்டு ஞாயிறு ஓலையும் வாசித்தாகிவிட்டது. (‘இவருக்கும் இவளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள்’ என்று பங்குத்தந்தை மூன்று ஞாயிறு அறிவிப்பாரே, அதுதான் ஓலை.) எங்கள் அழைப்பிதழை அன்றைக்கே அச்சடித்து, மாலை விமானத்தில் துபாய் திரும்பும் ஷைனியின் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்ப வேண்டும். அங்கே சொந்தக்காரர்கள் ஏராளம். புதுப் பிரிண்டரோ அசைய மறுத்தது.

கடைக் கம்ப்யூட்டரில் லினக்ஸ். நானோ நாலு வீடியோ பார்த்து லினக்ஸ் கற்றவன். “நீங்க தள்ளி இரிங்க மாமா” என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

பிரிண்டருக்கான மென்பொருள் தொகுப்பை நிறுவச் சொன்னேன். உள்ளே இருந்த பழைய தொகுப்பு ஒன்றுக்கும் இதற்கும் ஆகாதாம். இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கக் கூடாது என்பது விதி. புதியது வேண்டுமென்றால் பழையதையும், அதை நம்பியிருக்கும் அத்தனையையும் நீக்குவேன் என்று நீளமாக ஒரு பட்டியல் போட்டு, சம்மதமா என்று கேட்டது. பட்டியல் திரையைத் தாண்டி ஓடியது. ஒரு வரிகூட வாசிக்காமல், ‘ஆம்’ என்பதற்கான ‘ஒய்’ எழுத்தைத் தட்டினேன்.

கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தபோது கறுப்புத் திரையில் ஒற்றை வெள்ளைக் கோடு மட்டும் மினுங்கியது.

“மருமவனே, எனக்க டிசைன் எல்லாம் அதுக்குள்ளயாக்கும் கெடக்கு” என்றார் மாமா. குரல் உயரவில்லை. ஓலை இன்னும் ஒரு ஞாயிறு பாக்கி இருப்பதை அவர் நினைத்துப் பார்ப்பது போலிருந்தது. நிஜமாகவே பயந்துவிட்டேன்.

ஷைனி வந்து நாலைந்து கட்டளை தட்டிப் பார்த்தாள். (அவள் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.)

“நீக்குற பட்டியல்ல, ஸ்கிரீன்ல படமும் ஐகானும் காட்டுற டெஸ்க்டாப் முழுசும் இருந்திருக்கு. வாசிச்சியளா?”

“இல்ல.”

“ஓலை வாசிச்சு, தடை உண்டுமான்னு அது கேட்டிருக்கு. நீங்க ஒறங்கியிருக்கிய.” பிறகு அப்பாவிடம் திரும்பினாள். “டிசைன் ஒண்ணும் போவல்லப்பா. டெஸ்க்டாப்ப திருப்பிப் போட்டா போதும்.”

திருப்பிப் போட்டு முடிப்பதற்குள் சித்தப்பாவின் கார் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டது. அவர் கையில் இருந்தது, மாமா வெள்ளைத் தாளில் கைப்பட எழுதிய ஒரே ஒரு அழைப்பிதழ். அதில் என் பெயர் மட்டும் விட்டுப்போயிருந்தது. (அவசரம் என்றுதான் மாமா இன்றும் சொல்கிறார்.)

கல்யாணத்தன்று பங்குத்தந்தை “சம்மதமா?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் முக்காட்டுக்குள்ளிருந்து ஷைனியின் குரல் வந்தது: “வாசிச்சிட்டு சொல்லுங்க.” வீடியோவில் நான் இளித்துக்கொண்டேதான் சம்மதம் சொல்கிறேன்.

துபாயிலிருந்து லீவுக்கு வரும் சொந்தக்காரர்கள், என்னை எதிரில் வைத்துக்கொண்டே மாமாவிடம் கேட்பார்கள்: “மாப்பிளைக்க பேரு என்னவாக்கும்?”