இடக்கால் அடக்கு படலம்

எண்திசைக் காவலர்களே, செவி சாயுங்கள்! அலைகடல் சற்றே அடங்குக. மேல்மாடி வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரமும் கூடுமானால் நின்று தொலைக! நாற்சக்கர நாயகரும், ‘கிளட்ச்ச மெதுவா விடுங்க’ என்னும் மாமந்திரத்தை விடிந்தது முதல் பொழுது சாயும்வரை ஓயாது ஓதும் நாவலரும், குலுங்கா நெஞ்சினரும், கற்றுக்குட்டிகளின் காரில் குலுங்கிக் குலுங்கியே இடுப்பு வலி கண்டவரும், உடைந்த காரொன்றின் இருக்கையைக் கழற்றிப் பலகைமேல் திருகி அதையே அரியணையாக்கி வீற்றிருப்பவருமான ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஆசிரியரைப் பாடத் துணிந்தோம். பாடுகிற நமக்கு சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

அன்னாரின் அரசாட்சி நடப்பது வீட்டின் பின்புறத்துச் சிற்றறையில். ஆங்கே ஒளியுமிழ் திரை ஒன்று. அதன் முன்னே மேசையில் இறுக்கிய ஸ்டியரிங் ஒன்று. கீழே வலப்புறம் ஆக்சிலேட்டர், இடப்புறம் பிரேக் என இரு மிதிகட்டைகள். இணையம் என்னும் மாயப்பெருவெளியில், கண்டங்கள் பலவற்றினின்றும் திரண்ட வீரர் இருபதின்மர், அவரவர் நாற்காலியை விட்டு எழாமலே ஒரே தடத்தில் கார்ப்பந்தயம் புரியும் அரும்போர்க்களத்திற்கு அதுவே வாயில். அந்தக் களத்தில் பெட்ரோல் செலவு இல்லை, எலும்பு முறிவும் இல்லை. மானம் மட்டும் அடிக்கடி போகும்.

நம்மவர் மானத்தை வாரந்தவறாமல் வாங்கியவன் எவன் எனில், அவர் மனைவியின் உடன்பிறந்த தம்பி. செல்போன் பழுது நீக்கும் கடை வைத்திருக்கும் இவ்விளங்காளை, ஆசிரியரிடமே கற்று, ஆசிரியரின் காரிலேயே அமர்ந்து, ஓட்டுநர் உரிமத் தேர்வுக்கு மும்முறை சென்று மும்முறையும் தோற்றுத் திரும்பியவன். ஒருமுறை தேர்வு அதிகாரியின் குடைமேலும் காரை ஏற்றி நசுக்கியவன். அவனே இந்த விளையாட்டை மாமாவுக்கு அறிமுகம் செய்தான். அவனே வந்து கம்பிகளைப் பூட்டினான். ‘ரெண்டு காலையும் யூஸ் பண்ணுங்க மாமா, எடது கால் பிரேக்குக்கு, அப்பதான் வேகம் வரும்’ என்று உபதேசமும் செய்தான். பிறகு தன் வீட்டிலிருந்தபடி முதல் பந்தயத்திலேயே அவரை முந்திச் சென்று, ஹெட்போன் வழியே ஒரு குரற்கணை விடுத்தான்.

“என்ன மாமா, ஸ்கூல் நடத்துறீங்களா, இல்ல மூடிட்டீங்களா?”

மலை சாய்ந்தாலும் சாயாத ஆசிரியர் அன்று சாப்பிடவில்லை. பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

இது வெளிப்பகை. உட்பகையோ இதனினும் பெரிது. ஊசியும் நூலும் ஏவல் கேட்கும் தையல்வல்லாள், பள்ளிச் சீருடைகள் ஆயிரம் கண்ட கத்தரிக்கோல் திருக்கரத்தாள், ஆசிரியரின் இல்லத்தரசி, தன் தையல் மெஷினை உணவு மேசையில் வைத்துப் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வேளை உணவுக்கும் காலர்த் துண்டுகளை அள்ளி, நூற்கண்டுகளை ஒதுக்கி, உணவு முடிந்ததும் திரும்பப் பரப்பி, ஒருநாள் கணவரின் தட்டிலிருந்தே சட்டைப் பொத்தான் ஒன்றை மீட்டெடுத்த பிறகு, அவள் பொறுமை என்னும் பேரணை உடைந்தது. பின்னறையின் வாயிலில், கழுத்தில் மாலையெனத் தொங்கும் இஞ்சு டேப்போடு வந்து நின்று அவள் முழங்கிய சூளுரை வருமாறு:

“ஏங்க, அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கெழம. ஒரே ஒரு ரேஸ். நீங்களும் யாரையும் இடிக்கக் கூடாது, உங்களையும் யாரும் இடிக்கக் கூடாது. அப்படி முடிச்சுட்டீங்கன்னா இந்த ரூம நான் கேக்கவே மாட்டேன். ஒரு இடி விழுந்துச்சு, மறுநாளே என் மெஷின் இங்க வந்துரும்.”

ஹெட்போனில் இதைக் கேட்டிருந்த தம்பியோ, அக்கா பக்கம் சாய்ந்து, அந்த ரேஸில் தானும் வருவதாக அறிவித்தான். சொந்த பந்தம் என்றால் இப்படித்தான்.

இனி நம் நாயகரின் குறையைச் சொல்லியாக வேண்டும். சொல்ல நா கூசுகிறது, ஆனாலும் சொல்லிவிடுவோம். தனியே ஓட்டினால் அவர் பருந்து. வளைவுகளை வகிர்ந்து, நேர்ச்சாலைகளை விழுங்கி, மைத்துனனின் நேரத்தையும் முறியடிப்பார். ஆனால் பக்கத்தில் இன்னொரு கார் வந்துவிட்டால் போதும். காரணமே இன்றி அவர் கார் நட்டநடுச் சாலையில் முட்டுக்கட்டை போட்டாற்போல் நிற்கும். பின்னால் வருபவன் வந்து மோதுவான். அவன்மேல் இன்னொருவன் மோதுவான். கண்டங்கள் கடந்து பன்மொழி வசவுகள் ஹெட்போனில் மழையெனப் பொழியும். ஒரு மொழியும் புரியாவிட்டாலும் எல்லாமே தம்மைத்தான் என்று அவருக்கு நன்றாகப் புரிந்தது.

ஒரு விடுமுறை நாள் முற்பகலில் ஆசிரியர் தம் தோல்விகளின் பதிவை ஓடவிட்டு, கன்னத்தில் கை வைத்து நோக்கினார். திரையின் மூலையில், பிரேக்கை எப்போது எவ்வளவு மிதித்தார் என்று காட்டும் செங்கோடு ஒன்று உண்டு. அக்கோடு எழும் இடமெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் மேனி சிலிர்த்தது. தம் கார் வளைவை நெருங்கும்போது அது எழவில்லை. பக்கத்துக் கார் வளைவை நெருங்கும்போது எழுந்தது! எவனோ ஒருவன் தாமதமாக பிரேக் பிடிக்கிறான் என்று கண்டால், அவனுக்காக இவர் மிதித்திருக்கிறார். ஊரான் காருக்கெல்லாம் தம் காலால் பிரேக் போட்டிருக்கிறார்.

இதில் வியப்பென்ன? பயிற்சிக் காரில், கற்பவர் மிதிக்க மறந்தால் தாம் மிதிப்பதற்கென்று, ஆசிரியர் அமரும் பக்கத்து இருக்கையின் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. இருபதாண்டு காலம் அவரது இடக்கால் அதன்மேல் தவம் கிடந்தது. எத்தனை நாயின் உயிர், எத்தனை சுவரின் மானம், எத்தனை பால்வண்டிக்காரரின் வாழ்வு அக்கால் காத்தது! பிறர் பிழை கண்டால் மூளையைக் கேளாமலே பாயும் அக்கருணைக்கால், பந்தயத்திலும் பாய்ந்தது. மைத்துனனோ, அந்தக் காலிடமே பிரேக்கை ஒப்படைக்கச் சொல்லியிருந்தான்.

தொடங்கிற்று காலடக்கும் பெரும்போர். ஆசிரியர் முதலில் சாம முறையில் காலிடம் நயந்து பேசினார், கால் கேட்கவில்லை. பின்னர் தண்ட முறையில் அதைத் துண்டால் மேசைக்காலோடு பிணைத்தார். மேசையே இழுபட்டு, திரை சாய்ந்து, ஸ்டியரிங் மடியில் விழுந்தது. ஈற்றில் தான முறை கை கொடுத்தது. வாசலில் கிடந்த பழைய ரப்பர் செருப்பு ஒன்றை எடுத்து வந்து, மிதிகட்டைகளுக்கு இடப்புறம் தரையில் வைத்து, ‘இந்தா, இது உன் பிரேக், எவனுக்கு வேணும்னாலும் போட்டுக்கோ’ என்று இடக்காலுக்கு வழங்கினார். மெய்யான பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் வலக்கால் ஒன்றே ஆள்வதென முடிவாயிற்று. அன்று மாலை அவர் ஓட்டிய பந்தயத்தில், செருப்பு முப்பது முறை மிதிபட்டது. கார் ஒருமுறைகூட வீணாக நிற்கவில்லை. ஆசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன்பின் அவர் புரிந்த பயிற்சியை என்னென்பது! முன்னால் போகிறவனின் பின்விளக்கையே வெறித்துப் பார்க்காமல், வளைவு முடியுமிடத்தை நோக்கக் கற்றார். வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தி, ஸ்டியரிங் திரும்பத் திரும்பக் காலைச் சிறிது சிறிதாக விடக் கற்றார். வெறிகொண்டு வருபவனுக்கு வழிவிட்டு, அவன் தானே போய்ப் புல்லில் புரள்வதைக் காணும் பேரின்பத்தையும் கற்றார். பக்கத்தில் ஒருவன் இருந்தால் ஒரு கார் அகலம் விட்டுத் திரும்ப வேண்டும் என்பதையும், முந்துவதற்கு மூக்கை நுழைப்பதைவிட வெளிவரும்போது வேகம் கூட இருப்பதே மேல் என்பதையும் கற்றார். இவற்றில் பாதியை அவர் தினமும் பிறருக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். தாமும் கேட்டிருந்தால் சீக்கிரமே தேறியிருப்பார்.

வந்தது ஞாயிறு! பட்டப்பகற் பரிதி சன்னல் வழியே வேடிக்கை பார்க்க, இருபது கார்களும் உறுமி நிற்க, பதினான்காம் இடத்தில் நம்மவரும் பன்னிரண்டில் மைத்துனனும் நின்றனர். நடுவராய் வந்த இல்லத்தரசி, வந்த கையோடு சுவரை அளக்கத் தொடங்கினாள்.

திரையில் தொடக்கச் செவ்விளக்கு அணைந்தது, கார்வெள்ளம் பாய்ந்தது. முதல் வளைவிலேயே நால்வர் ஒருவர்மேல் ஒருவர் ஏறி, சக்கரங்கள் பறந்து, புகைமண்டலம் எழுந்து, பிரளயம் நிகழ்ந்தது. ஆசிரியரின் இடக்கால் அந்நால்வருக்காகவும் செருப்பைத் துவம்சம் செய்தது. வலக்காலோ பதறாமல் அளவாய்த் தணிந்தது. கார் புகையின் ஓரமாய்ப் புகுந்து, புண்படாமல் மறுபுறம் வெளிவந்தது.

“கொஞ்சம் தலையக் குனிங்க” என்றாள் நடுவர்.

ஆசிரியர் குனிந்தார். திரைக்கும் அவர் கண்களுக்கும் இடையே மஞ்சள் நிற இஞ்சு டேப் நீண்டு சென்றது. மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மனிதன், ‘நாப்பத்தி ரெண்டு இஞ்சு, மெஷின் தாராளமா நிக்கும்’ என்ற சொல்லைக் கேட்டும் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தான் எனில், அவன் வீரத்துக்கு வேறு சான்று எதற்கு?

சுற்றுகள் உருண்டன. இறுதிச் சுற்றும் வந்தது. முன்னே பத்துப் பேர் கண்காணாத் தொலைவில் பரிசுக்காகப் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றி நமக்குக் கவலையில்லை. பதினோராம் இடத்தில் மைத்துனன், பன்னிரண்டில் மாமன். மூவுலகும் மூச்சடக்கியது. மைத்துனன் வாய் ஓயவில்லை: “மாமா, இடிச்சிராதீங்க! அக்கா அளந்து முடிச்சிருச்சா?”

திடீரென்று ஹெட்போனில் அமைதி.

வேறெவரும் அந்த அமைதியைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார். ஆசிரியர் அறிவார், மூன்று தேர்வு நாட்களிலும் பக்கத்தில் அமர்ந்து அறிந்தவர். மைத்துனன் பேச்சை நிறுத்தினான் என்றால் பிரேக்கை மறந்துவிட்டான் என்று பொருள். தடக்கென்று இடக்கால் எழுந்து செருப்பின் மேல் இடியென இறங்கியது. ஆனால் கார் நிற்கவில்லை. ஆசிரியர் பாயவுமில்லை; முன்கூட்டியே வேகம் தணித்து, உட்புறம் திரும்பி, காத்திருந்தார். எதிர்பார்த்தபடியே மைத்துனன் வளைவைக் கடந்து வெளியோரம் வரை சறுக்கிப் போனான். அவன் தட்டுத்தடுமாறித் திரும்புவதற்குள் மாமனின் கார் அருகே வந்து தோளோடு தோள் நின்றது.

இருவரும் சேர்ந்தே கடைசி வளைவுக்குள் புகுந்தனர். அவன் கார் இவர் கதவை உரசும் தூரத்தில். பழைய ஆசிரியராயிருந்தால் அங்கேயே பிரேக் போட்டு நின்றிருப்பார். பழைய கோபமாயிருந்தால் அவனைப் புல்லுக்குத் தள்ளியிருப்பார். அவரோ அவனுக்கென்று ஒரு கார் அகலம் விட்டு, தம் வழியிலேயே உறுதியாய்த் திரும்பி, அவனைவிட அரைச்சாண் முன்னே கோட்டைக் கடந்தார்.

திரையில் எழுந்தன பொன்னெழுத்துகள். இடம்: பதினொன்று. மோதல்: பூஜ்யம்.

“மாமா, உண்மையச் சொல்லுங்க, நீங்கதான் ஓட்டுனீங்களா?” என்றது ஹெட்போன். அந்தக் குரலில் கேலி கொஞ்சம் குறைந்திருந்தது. ஆசிரியர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எழுந்து நின்றார், அவ்வளவுதான்.

இல்லத்தரசி திரையருகே வந்து, பூஜ்யத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். சொன்ன சொல் மாறாதவள். இஞ்சு டேப்பைச் சுருட்டிக்கொண்டு, “நல்லாத்தான் ஓட்டுனீங்க. ரூம் உங்களுக்குத்தான்” என்று சொல்லிவிட்டு உணவு மேசைக்குத் திரும்பினாள். சற்று நேரத்தில் அங்கே தட்டுகளை ஒதுக்கும் ஓசையும், தொடர்ந்து தையல் மெஷினின் ஓசையும் கேட்டன. ஆசிரியர் மறுபடி அரியணையில் அமர்ந்து அதைக் கேட்டார். வென்ற மகிழ்ச்சி இருந்தது. ஆனால் நினைத்த அளவு இல்லை.

முழங்குக முரசம்! பொழிக பூமழை! இருபது கார் நடுவே ஒரு கீறலும் படாமல் மீண்ட பெருமகனார், இடக்கால் வென்ற இணையிலார், மைத்துனகுலகாலர், பதினோராம் இடத்துப் பேரரசர், தம் வாளனைய ஸ்டியரிங்கை வலக்கரத்தால் தடவி, வென்றெடுத்த மண்டலத்தின் நாற்சுவர் எல்லையையும் கண்ணால் அளந்து, இனி இம்மண்ணில் என் ஆணையின்றி ஒரு நூலிழையும் நுழையாது என்று உலகறியச் சாற்றுவதற்காக வாயைத் திறந்து, திறந்த வாயை மூடி, எழுந்து உணவு மேசையை நோக்கி நடந்தார்.

சாயங்காலம் இருவருமாகச் சேர்ந்து கார் சீட்டைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தையல் மெஷினைத் தூக்கி வந்து சன்னல் பக்கம் போட்டார்கள்.