என் மனைவியின் இறுதி ஊர்வல ஒத்திகை

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய அக்கா க்ளோதில்டுக்கு,

நியூ ஆர்லியன்ஸிலிருந்து தம்பி அல்சீட் எழுதிக்கொண்டது. இங்கே கூரை ஒழுகவில்லை, திங்கட்கிழமை தவறாமல் சிவப்பு பீன்ஸ் வேகிறது, ஓடிலின் வாய் ஓயவில்லை. அங்கே ஓக்லண்டில் உன் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஆண்டவர் என்னைவிட உனக்குப் பொறுமையை அதிகம் கொடுத்திருக்கிறார், அதனால் கடைசிவரை படி.

நீ பார்த்துக் கட்டிவைத்தவள்தானே, நீயே கேள். வருகிற செவ்வாய் ஓடிலுக்கு இதயத்தில் வால்வு மாற்றுகிறார்கள். டாக்டர் ஏதோ சமையலறைக் குழாயை மாற்றுவது போலச் சொல்கிறார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இவளோ சர்ச்சிலிருந்து வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல், "எனக்கு ஏதாவது ஆயிட்டா ஊர்வலத்துல உன் ட்ரம்பெட் பேண்டு வேணாம். லாமார் பியானோ வாசிக்கட்டும்" என்கிறாள். லாமார் யார் தெரியுமா? ஹோட்டல் வரவேற்பறையில் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு ஸ்மூத் ஜாஸ் வாசிக்கிறவன். அக்கா, அது சர்க்கரைப் பாகில் ஊறப்போட்ட ஜாஸ். பல் பிடுங்கக் காத்திருக்கிறவர்களுக்காகவே செய்தது. இந்த ஊரில் பாதிப் பேரைக் கல்லறைக்கு ட்ரம்பெட் ஊதி அனுப்பியவன் நான். இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

"அது மரியாதைக்குரிய இசையே இல்லடி" என்றேன்.

"ஏன், காது வலிக்காம இருந்தா மரியாதை கிடையாதா?"

"அதுல வேர்வை இல்ல."

"உன் சட்டையெல்லாம் இத்தனை வருஷம் தொவச்சவ நான். பாத்த வேர்வை போதும்."

"பியானோ எப்படித் தெருவுல நடக்கும்?"

"லாரில ஏத்து. உன்னை நம்ப முடியாது, நான் இருக்கும்போதே ஒரு ஒத்திகை பாத்துடணும்."

நெஞ்சு நோயாளியோடு சண்டை போடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகவே சனிக்கிழமை காலை இறால் ஏற்றும் லாரி ஒன்று வந்தது, நாற்றம் உட்பட. பியானோவை ஏற்றிக் கயிற்றால் கட்டினோம், லாமார் அதன் முன்னால் உட்கார்ந்தான். சவப்பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் சமையலறை நாற்காலியைப் போட்டு, ஊதாத் தொப்பியும் விசிறியுமாக ஓடில் உட்கார்ந்தாள். பழக்க தோஷத்தில் நான் முன்னால் நடந்தேன். கையில் ட்ரம்பெட் இல்லாததால் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பாட்டுச் சத்தம் கேட்டதும் தெருவே நம் ஊர்ச் சாவு வழக்கப்படி குடையும் கைக்குட்டையுமாகப் பின்னால் ஆட வந்துவிட்டது, நம் ஜனங்களுக்குச் சொல்லவா வேண்டும், ஆனால் அந்தப் பாகுக்கு எப்படிக் கால் எடுத்து வைப்பது? ஆளாளுக்கு ஒரு பக்கம் வழுக்கினார்கள். மூலை வீட்டு எர்னஸ்டீன் அழுகைக்குத் தயாராகக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு, "யாருப்பா செத்தது?" என்று கேட்டாள். லாரி மேலிருந்து ஓடில், "நான்தான்டி! இன்னும் ஆகல, சும்மா வா!" என்று கத்தினாள்.

நம் தெருக் குழிகள் உனக்குத் தெரியும். லாரியின் பின்சக்கரம் ஒரு குழியில் இறங்கியது, கயிறு அறுந்தது, பியானோ உருண்டு லாமாரின் ஒரு கையை லாரிக் கம்பியோடு சேர்த்து அழுத்தியது. அவன் இன்னொரு கையால் வாசித்துக்கொண்டே இருந்தான். அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நான் பின்னால் ஓடி, இந்த மூட்டுகளோடு லாரியில் எப்படி ஏறினேனோ தெரியாது, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அடிபட்டுச்சா? நெஞ்சு வலிக்குதா?" என்று உளறினேன்.

அவள் கையை விடவில்லை. "இதுக்குத்தான்யா பேண்டு வேணாம்னேன்" என்றாள். "நீ ஊதினா முன்னாடி போயிடுவ. பெட்டி பின்னாடி வரும். எல்லார் சாவுலயும் நீ முன்னாடிதான் நடந்த. என் சாவுலயாவது என் பக்கத்துல நட."

அக்கா, நான் இறால் லாரியில் உட்கார்ந்து அழுதேன். தெருவே பார்த்தது. லாமார் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வாசித்தான். இசையைப் பற்றி எனக்கு இருந்த எல்லா வாதமும் அங்கேயே முடிந்துபோனது. அவள் கேட்டது பியானோவே இல்லை, என்னைத்தான்.

உன் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. செவ்வாய்க்கிழமை காலை சர்ச்சில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று, பெரியதாகப் பார்த்து.

இப்படிக்கு,
களைத்துப்போன உன் தம்பி,
அல்சீட்

பின்குறிப்பு: ஓடில் இதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "பக்கத்துல நடன்னு சொன்னது நிஜம்தான். ஆனா லாமார் வாசிப்புதான் எனக்குப் பிடிக்கும், அதையும் எழுது. உன் ட்ரம்பெட் எனக்கு என்னைக்குமே சத்தம்தான்" என்கிறாள். எழுதிவிட்டேன். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. செவ்வாய் தாண்டி அவள் வீட்டுக்கு வந்து சேரட்டும், லாமாரின் அந்தப் பாகு இசையைக் காலையிலிருந்து இரவுவரை ஓடவிடட்டும். எதிரே உட்கார்ந்து கேட்கிறேன், அக்கா. ஒரு வார்த்தை பேசமாட்டேன்.