லாய்ட் ஜெபம் ஏறெடுக்கிறார்

கோலார் தங்கச் சுரங்கப் பக்கம் சாம்பியன் ரீப்ஸில் இருக்கிற லாய்ட் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனிமேல் வீட்டில் குடும்ப ஜெபத்தை அவர்தான் நடத்துவார். லதா நடத்தக் கூடாது.

இதிலென்ன பிரமாதம் என்று கேட்கிறவர்கள் லதா ஜெபம் பண்ணிக் கேட்டதில்லை. மற்ற வீடுகளில் பெண்சாதி ஒரு காரியம் சொல்லி, புருஷன் மறுத்து, அவள் மூக்கைச் சிந்தி, பெரிய பாடாக இருக்கும். லதாவுக்கு அந்தப் பாடே கிடையாது. புருஷனிடம் அவள் எதையும் கேட்கவே மாட்டாள். சாயங்காலம் ஏழு மணிக்குப் பாயைப் போட்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, கண்ணை மூடி, நேரே மேலிடத்தில் சொல்லிவிடுவாள்.

"கர்த்தாவே, பாத்ரூம் தாழ்ப்பாள் ரொம்ப நாளா தொங்குது. அதைச் சரிபண்ண உமது அடியானுக்குப் பெலன் தாரும்."

அடியான் பக்கத்திலேயே மண்டி போட்டிருப்பார். ஜெபத்துக்கு நடுவில் குறுக்கே பேசுகிற வழக்கம் எந்தச் சபையிலும் இல்லை. முடிந்ததும் ஆமென் சொல்லித்தான் ஆக வேண்டும். மறுநாள் காலை காபியோடு ஸ்க்ரூ டிரைவரும் வரும். இன்னாத்துக்கு இது என்று கேட்டால், "நேத்து ஆமென் சொன்னீங்களே" என்பாள்.

இப்படி ஆமென் சொல்லியேதான் மனுஷன் வீட்டுக்கு வெள்ளை அடித்தார், மீசையை எடுத்தார், மகள் நேத்ராவை பெங்களூரில் காலேஜில் சேர்த்தார். அதெல்லாம் போகட்டும். இந்த டிசம்பரில் வந்த ஆபத்துதான் பெரிது. அதைச் சொன்னது பக்கத்து வீட்டு ஜெயம்மா.

"இன்னா லாய்டண்ணா, கிறிஸ்மஸுக்கு ஜனம் ஜாஸ்தியா? லதா எங்க பெரிய அண்டாவைக் கேட்டு வெச்சிருக்குது."

வீட்டில் இருப்பது மூன்று பேர். மூன்று பேருக்கு எதற்கு அண்டா? லாய்டுக்குச் சுருக்கென்றது. அண்ணன் குடும்பத்தை அழைக்கப் போகிறாள். இன்றைக்கோ நாளைக்கோ அது ஜெபத்தில் வரும். இவர் வாய் பழக்க தோஷத்தில் ஆமென் சொல்லித் தொலைக்கும்.

லாய்டின் அண்ணன் ஏசுபாதம் இரண்டு ஸ்டேஷன் தள்ளிக் கோரமண்டலில் இருக்கிறார். மைன் மூடுகிறவரை ஷிப்டு போனவர். சபைப் பாடகர் குழுவுக்கு இன்றைக்கும் மாஸ்டர். லாய்டும் அந்தக் குழுவில் பேஸ் என்கிற கட்டைக் குரல் பாடினவர்தான். குரலில் நல்ல கனம். ராகம்தான் ஒட்டாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிறிஸ்மஸ் காலையில், ஆராதனை ஆரம்பிக்கப் போகிற நேரம், அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் சொன்னார்: "லாய்டு, இன்னிக்கு நீ வாயை மட்டும் அசை, போதும்."

லாய்ட் வாயை அசைக்கவில்லை. அன்றிலிருந்து அண்ணனிடம் பேசவும் இல்லை. அவர் முகத்தில் விழிக்கக் கூடாதென்று தமிழ் ஆராதனையையே விட்டுவிட்டு, பெண்சாதியும் மகளும் தமிழுக்குப் போக, தான் மட்டும் கன்னட ஆராதனைக்குப் போய்வந்தார். லாய்டின் கன்னடம் பங்காரப்பேட்டைச் சந்தைக்கும் ரயிலில் சீட்டுச் சண்டைக்கும் தாராளமாகப் போதும். பிரசங்கத்துக்கு எட்டாது. பாதி புரியும், பாதியில் கண் சொக்கும். அண்ணன் இல்லாத கிறிஸ்மஸ் இரண்டும் அவருக்கு நெஞ்சுக்குள் வலித்தன. அதை ஒத்துக்கொள்கிற ஆளா அவர்? ரோஷக்காரர்.

போன ஞாயிறு அவருக்குப் புரிந்த பாதி இதுதான்: புருஷனே வீட்டுக்குத் தலை, மனைவி கீழ்ப்படிய வேண்டும். புருஷன் மனைவிக்காகத் தன்னையே கொடுக்க வேண்டும் என்று பாஸ்டர் தொடர்ந்தபோது கன்னடம் ரொம்பக் கடினமாகப் போய்விட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் லதா பாய் போட்டதும் லாய்ட் தொண்டையைச் செருமினார்.

"இன்னிக்கு ஜெபம் நான் பண்றேன்."

"இன்னாங்க திடீர்னு?"

"வீட்டுக்குத் தலை யாரு? பைபிள்ல, எபேசியர்ல போட்டிருக்குது."

"அட, ரொம்ப சந்தோஷங்க. பண்ணுங்க."

லதா சட்டென்று ஒத்துக்கொண்டால் உஷாராக வேண்டும். கல்யாணமான முதல் வாரத்திலேயே படித்த பாடம் அது. தலைக்கனத்தில் மறந்துபோனது.

"பரிசுத்தமுள்ள பிதாவே," என்று ஆரம்பித்தார் லாய்ட். "இந்தக் கிறிஸ்மஸை நாங்கள் மூவர் மாத்திரம், ஆடம்பரமில்லாமல், சின்னக் குக்கரிலே சமைத்துப் புசித்து, சமாதானத்தோடே ஆசரிக்கக் கிருபை செய்யும். அண்டா முதலான சோதனைகளுக்கு எங்களை விலக்கிக் காரும்."

நேத்ரா இருமினாள். லதா பக்தியாக ஆமென் சொன்னாள். லாய்டுக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு சுலபமா இது?

கடைசியாகப் பரமண்டல ஜெபம். மூன்று பேரும் சேர்ந்து சொன்னார்கள். அன்றன்றுள்ள அப்பம் வரைக்கும் மூன்று குரல். அடுத்த வரியில் ஒரே குரல். லதா நிறுத்திவிட்டாள், நேத்ராவும் நிறுத்திவிட்டாள். எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறது போல என்று லாய்டின் கட்டைக் குரல் மட்டும் கூடத்தில் தனியாகக் கேட்டது. அவருக்கே அது யாரோ சொல்வதுபோல இருந்தது. பாதியில் விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவினார்.

"ஒரு வரி போச்சுங்க," என்றாள் லதா கண் திறக்காமலே.

"மூச்சு வாங்கிச்சு."

"பரவால்ல. மறுபடி முதல்ல இருந்து பண்ணுங்க."

மறுபடி ஆரம்பித்தார். அதே இடத்தில் மறுபடியும் தனியாக நின்றார்.

"ஏன் ரெண்டு பேரும் அங்கியே நிறுத்தறீங்க?"

"எங்களுக்கு யார் மேலயும் கோவம் இல்லீங்க. அந்த வரியை உங்களுக்காக விட்டு வெச்சிருக்கோம்."

"மன்னிச்சிட்டேன், போதுமா? ஆனா பேச மாட்டேன்."

"அது எந்த அதிகாரத்துல வருது?"

லாய்ட் பைபிளைப் படக்கென்று புரட்டினார். வசனத்துக்கு வசனம் என்றால் அவரும் சளைத்தவரில்லை.

"மத்தேயு அஞ்சைப் பாரு. காணிக்கை கொண்டாறப்ப, உன் மேல உன் சகோதரனுக்குக் குறை இருக்குதுன்னு ஞாபகம் வந்தா, காணிக்கையை அங்கியே வெச்சிட்டு நீ போய் ஒப்புரவாகணும். இப்ப குறை யாருக்கு? எனக்கு. யார் மேல? அண்ணன் மேல. அப்ப யார் கிளம்பி வரணும்?"

"உங்க அண்ணன்தான்."

"அதான். யார் மேல குறையோ அவன்தான் கிளம்பணும். குறைப்படறவன் வீட்ல ஜாலியா உக்காந்திருக்கலாம். வசனம் என் பக்கம்."

"எவ்ளோ தெளிவா சொல்றீங்க. இத்தனை வருஷம் எனக்கு இது உறைக்கவே இல்லீங்க."

லாய்டுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தலை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்து அவர் பேப்பரோடு சாய்ந்திருந்தார். காலையில் தமிழ் ஆராதனைக்குப் போய்வந்த லதா கிறிஸ்மஸ் பலகாரமான கல்கலுக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"உங்க அண்ணனுக்கு உங்க மேல குறையாம்."

பேப்பர் கீழே விழுந்தது. "யாருக்கு?"

"உங்க அண்ணனுக்கு. பெரிய குறையாம்."

"இன்னா அநியாயம் இது? அவமானப்பட்டவன் நான். அவருக்கு இன்னா குறை?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? நீங்கதானே நேத்து விளக்கினீங்க, யார் மேல குறையோ அவங்கதான் கிளம்பணும்னு."

லாய்ட் ஏற்கெனவே சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். "நான் ஒப்புரவாகப் போகல. இன்னா குறைன்னு நறுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கத்தான் போறேன்."

"கேளுங்க. ஸ்வெட்டர் போட்டுக்கினு போங்க, காத்து அடிக்குது."

பெங்களூருக்கு வேலைக்குப் போய்வர எடுத்த ரயில் பாஸ் பையில் இருக்கும்போது ஆட்டோவுக்கு எதற்குத் தண்டம் அழ வேண்டும்? சாம்பியன் ஸ்டேஷனுக்கே நடந்தார். வழியெல்லாம் அண்ணனைக் கேட்க வேண்டிய கேள்விகளைக் கூர் தீட்டிக்கொண்டே போனார். பங்காரப்பேட்டையிலிருந்து வந்த வண்டி கடைசி ஸ்டேஷனான மாரிகுப்பம் போகிற வழியில் நின்றது. அது போய்த் திரும்பி வந்தால்தான் இவர் ஏற முடியும். அதிலிருந்து மப்ளரும் குல்லாவுமாக ஒரு பெரியவர் பிடித்துப் பிடித்து இறங்கினார். ஏசுபாதம்.



"எங்கடா கிளம்பிட்ட?" என்றார் அண்ணன்.

"உங்க வீட்டுக்குத்தான். நீங்க எங்க?"

"உன் வீட்டுக்குத்தான். உனக்கு என் மேல குறைன்னு லதா காலைல கோயில்ல சொல்லிச்சு. யார் மேல குறையோ அவன்தான் கிளம்பணும்னு நீயே வசனம் எடுத்து விளக்கினியாமே. எனக்கு அப்புறம் சோறே இறங்கல."

லாய்டுக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் கேட்க வந்ததைக் கேட்காமல் விடுவாரா? "சரி, உங்களுக்கு என் மேல இன்னா குறை?"

"குறையில்லாம இருக்குமா? ரெண்டு வருஷமா பேஸ் வரிசை காலியாக் கெடக்குது."

"எனக்குத்தான் ராகமே இல்லியே."

"ராகம் இல்லதான். அதுக்காக வராமலே பூடுவியா? நீ இல்லாம பாட்டு சவசவன்னு இருக்குதுடா." அண்ணன் குல்லாவைக் கழற்றினார். "எல்லாரும் பாக்க நான் அப்டி சொல்லியிருக்கக் கூடாது. என் தப்பு."

லாய்ட் அழுதுவிட்டார். ஐம்பது வயது தாண்டிய ஆம்பளை, பிளாட்பாரம் என்றுகூடப் பார்க்காமல் அண்ணன் மப்ளரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணனும் அழுதார். வண்டி மாரிகுப்பம் போய்த் திரும்பி வந்து நின்று கிளம்பியது, இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் அடுத்த தகராறு. வசனத்துக்கு முதலில் கீழ்ப்படிந்தது யார்?

"நீங்க வண்டியை விட்டு இறங்கறப்பவே நான் பிளாட்பாரத்துல நின்னுக்கினு இருந்தேன்."

"நான் டிக்கெட் எடுத்து வந்தேன்டா. நீ ஊரையே தாண்டல."

வாசலில் நுழைந்ததும் லாய்ட் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு அறிவித்தார்: "லதா, கிறிஸ்மஸுக்கு அண்ணன் குடும்பம் இங்கதான் சாப்பாடு. இது என் முடிவு."

"நீங்க சொன்னா சரிங்க," என்றாள் லதா. "மாமா, வாங்க. கை கழுவுங்க, பசியோட வந்திருப்பீங்க."

தட்டில் சோறும், மத்தியானத்து மீன் குழம்பும் வந்தன. லாய்ட் பெருமையாக எதிரே உட்கார்ந்தார். "ஊத்திக்கினு சாப்பிடுங்கண்ணா. ஞாயித்துக்கிழமை மீன் குழம்புன்னா லதாதான். இந்த ருசி கோலார் ஜில்லாவிலேயே கிடையாது."

ஏசுபாதம் ஒரு வாய் வைத்தார். மென்றார். லதாவைப் பார்த்தார்.

"ஏம்மா, எங்க வீட்ல செல்வமணி வெச்சதை எனக்கே திருப்பிப் போடறியா?"

"அண்ணி வெச்சதா?" என்றார் லாய்ட். "இன்னிக்கா?"

"இன்னிக்கு இன்னாடா, எல்லா ஞாயிறும்தான். கோயில்ல தூக்குச்சட்டி கை மாறும். இங்கிருந்து அங்க பாயசம் வரும்."

லாய்ட் மெல்லப் பெண்சாதி பக்கம் திரும்பினார். "ரெண்டு வருஷமாவா?"

லதா அண்ணன் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள்.

"சண்டை உங்க ரெண்டு பேருக்குள்ளதானேங்க. குழம்பு இன்னா பண்ணிச்சு?"