அண்ணன் மேல் வைத்த ரெக்கார்டு பிளேயர்

அல்வர்ஸ்டன்,
ஜூலை மாதம், விடாத மழை.

அன்புள்ள நோரீன் அக்காவுக்கு,

தம்பி கெய்த் எழுதிக்கொள்வது. இங்கே மெர்வின் அண்ணனைத் தவிர மற்ற எல்லோரும் நலம். அங்கே டார்வினில் நீயும், உன் புது இடுப்பு மூட்டும், அத்தானும், நாய்களும் நலமாயிருக்கக் கர்த்தர் அருள்புரியட்டும். இந்த மழைக்கு என் முழங்கால் படுத்துகிறது. அதை நான் பெரிதுபடுத்தப் போவதில்லை, நீயும் கேட்கப் போவதில்லை.

அண்ணனின் அடக்கச் சடங்கு எப்படி நடந்தது என்று போனில் கேட்டாய். நல்லபடியாக நடந்தது என்றேன். அவ்வளவுதானா என்றாய். அதற்குள் உன்னை நடக்கவைக்க ஆஸ்பத்திரிக்காரி வந்துவிட்டாள். அதனால்தான் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அண்ணன் என்ன கேட்டானோ அது அப்படியே நடந்தது, ஒரு குறையும் இல்லை, நீ அந்த இடுப்பை வைத்துக்கொண்டு விமானம் ஏறி வரவேண்டிய அவசியமே இல்லை.

அவன் கேட்டது என்ன என்று உனக்கு முழுதாகத் தெரியாது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோது மெல்போர்னிலிருந்து அவனுடைய புது ரெக்கார்டு பிளேயர் கப்பலில் வந்து இறங்கியது. (ரெக்கார்டு பிளேயர் என்று சொன்னால் அவனுடைய இசைத்தட்டுச் சங்கத்துக்காரர்கள் நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல் பார்க்கிறார்கள், டர்ன்டேபிள் என்றுதான் சொல்லவேண்டுமாம்.) பெட்டியைப் பிரிக்கக்கூட அவனால் வீட்டுக்கு வரமுடியவில்லை. போட்டோ எடுத்து வந்து காட்டினோம், அட்டைப்பெட்டியின் போட்டோவை. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என் சடங்குல போன்ல பாட்டு போடக் கூடாது. சிநேகிதன் பெர்ட் செத்தப்ப போன்ல போட்டாங்க, நடுவுல மெத்தை விளம்பரம் வந்துச்சு. எனக்கு இந்த டர்ன்டேபிள்ல அந்தப் பியானோ இசைத்தட்டு ஓடணும். முள்ள நீ வை, கெய்த்" என்றான். நான் காது கேட்காதவன்போல் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். மறுபடியும் "நீதான்" என்றான்.

உனக்குத் தெரியாததா அக்கா, அந்த வீட்டில் ஐம்பது வருஷமாக நான் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றுதான் பாட்டுக் கேட்டிருக்கிறேன். உருளைக்கிழங்கு லாரி ஓட்டுகிற கை முள்ளைத் தொடக் கூடாதாம். உலகத்தில் அவன் எதை நம்பி என்னிடம் கொடுத்தான்? சைக்கிளைக் கொடுத்தானா, படகைக் கொடுத்தானா? சாகப்போகிற நேரத்தில் இதைக் கொடுத்தான். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் மீதி வாழ்நாள் முழுக்க எனக்குத் தூக்கம் வராது என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

பந்து உருட்டுகிற பௌல்ஸ் கிளப் ஹாலைத்தான் பிடித்தோம், சர்ச்சில் எதிரொலி அதிகம் என்று சங்கம் நிராகரித்துவிட்டது. சங்கம் என்றால் ஆறு பேர், அதில் பேசுகிறவர்கள் இரண்டு பேர். தலைவர் க்ளைவ், பல் டாக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். இன்னொருவர் ரெக்ஸ், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், எதைக் கேட்டாலும் முதலில் பெருமூச்சு விடுவார். சடங்குக்கு முந்தின நாளே வந்து இழவு வீட்டுக்காரர்களைவிடத் துக்கமான முகத்தோடு அட்டைப்பெட்டியைப் பிரித்தார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள், ஒரு பக்கம் திருகினார்கள், மறுபக்கம் திருகினார்கள், பொம்மைத் தராசு மாதிரி ஒன்றில் முள்ளின் எடையை நிறுத்தார்கள், க்ளைவ் வாய்க்குள் பார்க்கிற கண்ணாடியால் முள்ளின் அடிப்பக்கத்தைப் பார்த்து "நல்லா இருக்கு, சொத்தை இல்ல" என்றார். அப்புறம் தட்டைப் போட்டால் பியானோவுக்குக் கீழே ம்ம்ம் என்று ஒரு முனகல். எர்த் வயரை மாற்றினார்கள், முனகல் நிற்கவில்லை. பாரில் இருந்த ஃபிரிட்ஜை அணைத்தார்கள், டீ போடுகிற பாய்லரை அணைத்தார்கள், கடைசியில் சாசேஜ் ரோலைச் சூடாக வைக்கிற கண்ணாடிப் பெட்டியை அணைத்ததும் நின்றது. எதற்கும் மூன்றையுமே இனி சடங்கு முடிகிறவரை போடவே கூடாது என்று உத்தரவாயிற்று. வந்த நூறு பேரும் சில்லென்று சாசேஜ் ரோல் தின்றதற்கும், பீரை வெதுவெதுப்பாகக் குடித்ததற்கும் காரணம் இதுதான், யாராவது உன்னிடம் என்னைப் பற்றிப் புகார் சொன்னால் நம்பாதே.

முனகல் போனதும் தரை ஆரம்பித்தது. அந்த ஹாலின் தரை மரப்பலகை, கீழே வெறும் காற்று. ஒருவர் நடந்தால் முள் தாவுகிறது, இரண்டு பேர் நடந்தால் தட்டின் கடைசிக்கே போய்விடுகிறது. மேஜை மேல் வைத்தோம், மேஜைக்குக் கீழே லாரி டியூப் வைத்தோம், க்ளைவ் வீட்டுத் தோட்டத்திலிருந்து நடைபாதைக் கல்லைப் பெயர்த்து நான்தான் சுமந்துகொண்டு வந்தேன், முழங்கால் வலியின் வரலாறு அதுதான். ஒன்றும் எடுபடவில்லை. ரெக்ஸ் பெருமூச்சு விட்டு, சடங்கு முடியும்வரை யாரும் அசையாமல் உட்காரவேண்டும் என்று வாசலில் எழுதி ஒட்டலாம் என்றார். நாங்கள் நம்பிக்கையிழந்து வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை அண்ணனைக் கொண்டுவந்தார்கள். சவ அடக்க நிலையத்து யோலண்டா அம்மாள் தள்ளுவண்டியில் பெட்டியைக் கொண்டுவந்து ஹாலின் முன்பக்கம் நிறுத்தி, சக்கரங்களைப் பூட்டினார். நாங்கள் எல்லோரும் தலை குனிந்து நின்றோம். அண்ணன் கடைசிவரை இளைக்கவே இல்லை என்பது உனக்குத் தெரியும், ஆறு பேர் தூக்கத் திணறுகிற உடம்பு. க்ளைவ் மட்டும் தலை குனியாமல் பெட்டியைப் பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய் அதை விரலால் தட்டிப் பார்த்தார். ரெக்ஸைக் கூப்பிட்டு அவரையும் தட்டச் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கோரல், தப்பா நினைச்சுக்கக் கூடாது" என்று க்ளைவ் அண்ணியிடம் ஆரம்பித்தார்.

யோலண்டா அம்மாள், இத்தனை வருஷத்தில் பெட்டி மேல் மீன் தூண்டில் வைத்திருக்கிறார்கள், கால்பந்துச் சால்வை போர்த்தியிருக்கிறார்கள், ஒருமுறை உயிருள்ள பூனையே ஏறி உட்கார்ந்திருக்கிறது, ஆனால் மின்சாரத்தில் ஓடுகிற எதையும் வைத்ததில்லை என்றார். எல்லோரும் அண்ணியைப் பார்த்தோம். அவள் கறுப்புக் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "வைங்க. இனிமே அவரு எங்க அசையப் போறாரு" என்றாள்.

வைத்தார்கள். ரசமட்டம் வைத்து, அண்ணனின் தலைப்பக்கம் சற்று உயரம் என்று கால்பக்கத்துச் சக்கரத்துக்கடியில் பீர் கோப்பைக்கு அடியில் வைக்கிற அட்டையைச் செருகினார்கள். தட்டைப் போட்டார்கள். ரெக்ஸ் முன்னால் நின்று, அந்த வயதில், துக்கத்துக்கான கோட்டோடு, குதித்தார். முள் இம்மி நகரவில்லை. அப்புறம் ஆறு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். அடிச்சத்தம் இறுகியிருக்கிறது என்றார் ஒருவர். மேல்சத்தம் மட்டும் கொஞ்சம் மங்கல் என்றார் க்ளைவ், பூ அதை உறிஞ்சுகிறதாம். அதனால் டார்வினிலிருந்து நீ சொல்லி அனுப்பிய பெரிய மலர்வளையத்தை எடுத்துக் கழிவறைக் கதவுப் பக்கம் சாய்த்து வைத்துவிட்டார்கள். மனசு வருத்தப்படாதே. அங்கே போன ஒவ்வொருவரும் அதைப் பார்த்தார்கள்.

ஜனங்கள் வந்தார்கள். பாதிரியார் பேசினார், அண்ணனுக்குப் பொறுமை அதிகம் என்றார், யாரோ பின்னால் இருமினார்கள். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எழுந்து போனேன். அக்கா, பனி பெய்கிற மலைப்பாதையில் லாரி பிரேக் பிடிக்காமல் இறங்கியபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. தட்டு சுற்றியது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. முள் இருக்கிற கையைத் தூக்கி, தட்டு மேல் கொண்டுபோய், க்ளைவ் சொல்லிக்கொடுத்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினேன். வந்தது. அந்தப் பியானோ வந்தது. வாசற்படியில் நின்று ஐம்பது வருஷம் கேட்ட அதே பியானோதான், ஆனால் எனக்கு அடுத்த நாற்காலியில் யாரோ உட்கார்ந்து வாசிக்கிறமாதிரி இருந்தது. நான் அழுதேன், அதைச் சொல்ல வெட்கமில்லை. நடுவில் அடுக்கிவைத்த நாற்காலிகள் பின்னால் சரிந்து விழுந்து தரையே அதிர்ந்தது, பெட்டி ஒருமுறை குலுங்கியது, பாட்டு மட்டும் பிசகவே இல்லை. நூறு பேரும் ஆடாமல் அசையாமல் கேட்டார்கள். முடிந்ததும் ஜன்னல் பக்கத்தில் நின்று எல்லோரும் அண்ணனைப் பற்றியே பேசினார்கள். பெர்ட்டின் தம்பி, அண்ணன் அவனுக்கு ராத்திரியோடு ராத்திரியாக வேலி கட்டிக்கொடுத்ததைச் சொன்னான், அது எனக்கே தெரியாது.

க்ளைவ் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "முள்ளோட பொரிசத்தம் ஒண்ணுகூட இல்லையேப்பா. இந்தக் கதகதப்பு போன்ல வருமா, சொல்லு" என்றார். பியானோவின் மரமே காதில் கேட்டது என்றார் ரெக்ஸ், பெருமூச்சு விடாமல். போகும்போது க்ளைவ் தன் வீட்டு ஹாலுக்கு அந்த ரகப் பெட்டி ஒன்று, உள்துணி இல்லாமல், கிடைக்குமா என்று யோலண்டா அம்மாளிடம் விசாரித்தார். அவர் பழக்கதோஷத்தில் ஆளின் உயரம் கேட்டார்.

ஆகவே அக்கா, அவன் ஒரே ஒரு காரியத்தை என்னை நம்பிக் கொடுத்தான், அதை நான் செய்துவிட்டேன். நீ நிம்மதியாக இரு, வராதே, இடுப்பைப் பார்த்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம், நாய்களுக்குப் பிடித்ததைக் கொடு. கர்த்தர் உன் மூட்டைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி,
கெய்த்.

பின்குறிப்பு: தபால்தலை இல்லாமல் இந்தக் கடிதம் மேஜையிலேயே கிடந்தது. அதற்குள் அண்ணி கூப்பிட்டனுப்பினாள். போனேன். டர்ன்டேபிள் வீட்டு ஹாலில், பழையது இருந்த இடத்தில் இருந்தது. டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கெய்த், அன்னிக்கு நீங்க கேட்டது தட்டு இல்ல. யோலண்டாவோட போன்."

ஆம்ப்ளிஃபையரில் ஒரு திருகு இருக்கிறது, அதைத் திருப்பினால் தட்டுக்குப் பதில் போன் பாடும். பாதிரியார் பேசும்போது அவள் போய்த் திருப்பியிருக்கிறாள். நான் முள்ளை இறக்கிய அதே நொடியில் யோலண்டா அம்மாள் போனைத் தட்டியிருக்கிறார். விளம்பரம் வராதபடி காசு கட்டி வாங்கிய பாட்டாம். ஆறு நிபுணர்களும் அரை மணிநேரம் கண்ணை மூடிக்கொண்டு போன் கேட்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. அவன் வேண்டாம் என்றது அது ஒன்றைத்தானே, ஏன் அண்ணி இப்படிச் செய்தாய் என்று கேட்டுவிட்டேன்.

"முள்ளு ஒரே ஒரு தடவ தாவியிருந்தா போதும்" என்றாள். "நீங்க எல்லாரும் முள்ளப் பத்தியே பேசிட்டு வீட்டுக்குப் போயிருப்பீங்க. எம் புருஷனப் பத்தி ஒருத்தரும் வாயத் தெறந்திருக்க மாட்டீங்க."

அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். பொட்டுக்கடலை அளவில் ஒரு பிளாஸ்டிக் மூடி. முள் உடையாமலிருக்கப் போடுவது. பாதிரியார் பேசி முடிக்கிறவரை பத்திரமாயிருக்கட்டும் என்று க்ளைவ் மாட்டியிருக்கிறார், என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். பெட்டி மேலிருந்து இறக்கும்போது முள்ளிலேயே இருந்ததாம். நான் மூடியோடு வைத்திருக்கிறேன், அக்கா. அவன் கேட்ட ஒரு காரியத்தைக்கூட நான் செய்யவில்லை.

இப்போது வை, யாரும் இல்லை என்றாள் அண்ணி. மூடி இல்லாமல் வைத்தேன். ஓடியது. பொரிசத்தம் நிறைய இருந்தது. அதற்கும் போனுக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, க்ளைவிடம் இதைச் சொல்லாதே. அண்ணி டீக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனவள் திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்த வீட்டில் தட்டு ஓடும்போது அவள் நடந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு பக்கம் முடிகிறவரை அங்கேயேதான் நிற்பாள், ஆறின கோப்பையோடு; ஓர் அடி எடுத்து வைத்தால் அண்ணன் கத்துவான். அன்றைக்கு மழைக்குப் போட்ட பூட்ஸ் காலிலேயே இருந்தது. அதோடு ஹாலின் நடுவில், நேராக, தொம் தொம் என்று நடந்து வந்தாள். முள் தாவியது. அண்ணனின் நாற்காலியைப் பார்த்தாள். திரும்பி மறுபடி நடந்தாள், மறுபடி தாவியது. மூன்றாவது முறை நடந்துவிட்டு என்னைப் பார்த்து, "ஏதாவது சொல்லு கெய்த். அவரு மாதிரி கத்து" என்றாள்.

எனக்கு அவன் மாதிரி கத்த வரவில்லை. அவள் நடந்துகொண்டே இருந்தாள், தட்டு முடிகிறவரை.

நீ வா, அக்கா. இடுப்போடு வா, ஊன்றுகோலோடு வா. நம் குடும்பத்தில் அவன் மாதிரியே கத்த உனக்கு மட்டும்தான் வரும்.