காருக்கடியில் சவரிராயன்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. முகத்தை வைத்து அவர்களை அடையாளம் காண முடியாது. முகம் எப்போதும் காருக்கு அடியில் இருக்கும். வெளியே தெரிவதெல்லாம் இரண்டு பாதங்கள், மடித்துக் கட்டிய ஒரு கைலி, "அந்த ஸ்பேனரைக் கொடு, அது இல்ல, இன்னொண்ணு" என்ற குரல், அவ்வளவுதான். பட்டறை வாசலை மிதிப்பது இவர்களுக்கு மானம் போகிற காரியம். "இதுல ஒண்ணுமே இல்ல" என்பார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எழுந்து ஓடிவிடுங்கள். ஒன்றுமே இல்லாத இடத்தில்தான் இவர்கள் எல்லாவற்றையும் கழற்றுவார்கள்.

மரக்காணத்துச் சவரிராயன் இந்த இனத்தில் அசல் சரக்கு. கொஞ்சம் உப்பளமும் ஒரு கறுப்புக் காரும் அவருக்கு உண்டு. உப்பளம் அப்பா கொடுத்தது. கார் எவனோ தலைமுழுகியது. அந்தக் கார் நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டும். ஓடினாலும் சொட்டும். சவரிராயன் அதைத் திட்டினால் இன்னும் கொஞ்சம் சொட்டும்.

தங்கை அருள்மேரியின் மகள் சூசைமேரிக்குக் கல்யாணம் வந்தது. தாய்மாமன் சும்மா இருப்பாரா? "பொண்ணு என் கார்லதான் கோயிலுக்குப் போவும்" என்று உறவுக்காரர்கள் நடுவில் எழுந்து நின்று அறிவித்துவிட்டார். அருள்மேரி அவரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணே, திண்டிவனத்துலேருந்து ஒரு வாடகைக் கார் சொல்லிடறேண்ணே."

"நான் செத்தப்புறம் சொல்லு!"



எண்ணெய் எங்கிருந்து சொட்டுகிறது என்று முதலில் தெரிய வேண்டுமே! சவரிராயன் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். உப்பளத்திலிருந்து ஒரு மூட்டை வெள்ளை உப்பைக் கொண்டுவந்து வாசலில் பாய்போலப் பரப்பி, அதன்மேல் காரை ஏற்றி நிறுத்தினார். கறுப்புச் சொட்டு விழுந்தால் வெள்ளையில் பளிச்சென்று தெரியாதா? தெரிந்தது. காலையில் பார்த்தால் நடுவில் கறுப்பு வட்டம். சுற்றிலும் ஒரே ஈரம்.

"ஐயோ, தண்ணியும் ஒழுகுது! ரேடியேட்டரும் போச்சு!" என்று அவர் ரேடியேட்டரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார்.

மனைவி அந்தோணிமேரி கையில் சாணித்தண்ணி வாளியோடு வந்து நின்று பார்த்தாள். "ஏங்க, கடல்காத்துக்கு உப்பு வேர்த்திருக்குது. உப்பளத்துலயே பொறந்து வளர்ந்தவருக்கு இது தெரியலியா?"

உப்பு வேர்த்ததோ இல்லையோ, சவரிராயனுக்கு வேர்த்தது. ஆனால் இந்த இனத்தார் தோல்வியை ஒப்புக்கொள்வார்கள் என்றா நினைத்தீர்கள்? "ரேடியேட்டரைச் சுத்தம் பண்ணத்தான் கழட்டினேன்" என்று சொல்லி, சுத்தமும் பண்ணித் திரும்ப மாட்டினார்.

பிறகு எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியைக் கழற்றினார். இருந்த எண்ணெயை ஒரு தகர டின்னில் வடித்தார். தொட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்க வேண்டிய பேக்கிங் அட்டை அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. புது பேக்கிங் வேண்டும். பாண்டிச்சேரி போய் வாங்கலாம். ஆனால் வாங்கினால் அது இன்னொருவன் செய்ததாகிவிடுமே! சுற்றுமுற்றும் பார்த்தார். கல்யாணப் புடவை வந்த அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. கத்தரியை எடுத்து வெட்டி, பார் சோப்பைக் குழைத்துத் தடவி ஒட்டி, ஒவ்வொரு போல்ட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார்.

பக்கத்து வீட்டு ஆதிமூலம் வேலிமேல் தலையை நீட்டினார். "ஏம்பா சவரி, கால் மட்டும் தெரியுது. உள்ள ஆள் இருக்குதா?"

"முடிஞ்சுதுப்பா! இதுல ஒண்ணுமே இல்ல!"

புதிதாக உப்பைப் பரப்பிக் காரை அதன்மேல் தள்ளி நிறுத்தியாயிற்று. கல்யாணத்தன்று காலையில் குனிந்து பார்த்தார். உப்பு வேர்த்திருந்தாலும் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு சொட்டு? ம்ஹூம். சவரிராயன் குதித்தார். தெருவையே கூப்பிட்டார். ஆதிமூலத்தின் கையைப் பிடித்து இழுத்து வந்து குனிய வைத்தார். "பாருய்யா! நல்லாப் பாரு! எந்தப் பட்டறைக்காரன் செய்வான் இதை?" ஆதிமூலமே தலையாட்டினார்.

வெள்ளைப் புடவையும் தலையில் முக்காடுமாகச் சூசைமேரி அம்மாவோடு மாமன் வீட்டு வாசலுக்கு வந்தாள். பூரிப்பில் மாமனுக்குக் கண் கலங்கிவிட்டது. "மகராசியா இரும்மா" என்று அவள் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டார். கறுப்புச் சிலுவை. சாம்பல் புதனன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தவள் போலப் பெண் நின்றாள்.

"மாமா! கையைக் கழுவலியா?"

அருள்மேரி முந்தானையால் துடைத்துவிட்டு, மகளை அவசரமாகக் காருக்குள் ஏற்றினாள். கோயில் மணி அடித்தது. சவரிராயன் ராஜாமாதிரி உட்கார்ந்து சாவியைத் திருப்பப் போனார். அப்போது அந்தோணிமேரி தோட்டத்துப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏங்க, இந்த டின்னுல கறுப்பா எண்ணெய் நிக்குதே, இதை எங்க கொட்டட்டும்?"

சாவி பாதியில் நின்றது.

எண்ணெயே இல்லாத எஞ்சின் எப்படி ஒழுகும்? ஒரு திருப்பு திருப்பிக் கிளப்பியிருந்தால் எஞ்சின் இறுகிப்போய் மணப்பெண் நடுரோட்டில் நின்றிருப்பாள். தெரு முழுக்கக் கேட்கும்படி ஆதிமூலம் சிரித்த சிரிப்பில் வேலி ஆடியது. சவரிராயன் இறங்கினார், டின்னை வாங்கினார், எஞ்சின் மூடியைத் திறந்து எண்ணெயை ஊற்றினார், ஏறினார்.

கார் கிளம்பியது. எண்ணெயும் கிளம்பியது. வாசலிலிருந்து மாதா கோயில் படி வரைக்கும் கறுப்புப் புள்ளிக்கோலம். கூனிமேட்டிலிருந்து தாமதமாக வந்த விருந்தாளிகள் யாரிடமும் வழி கேட்காமல் அதைப் பார்த்துக்கொண்டே கோயிலுக்கு வந்து சேர்ந்தார்கள். பெண்ணும் நேரத்துக்கு வந்துவிட்டாள், தாலியும் ஏறிவிட்டது. மாமன் சொன்ன சொல் தவறவில்லை.

"லீக் அப்படியே இருக்குதேண்ணே" என்றாள் அருள்மேரி, கோயில் வாசலில்.

"அது பழைய லீக் இல்ல," என்றார் சவரிராயன். "இது வேற. இதுல ஒண்ணுமே இல்ல."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்துக்கொண்டே எழுந்துபோய், போன மாதம் நீங்களே பிரித்துப் பூட்டினீர்களே ஒரு ரேடியோ, அதிலிருந்து மீந்துபோன திருகாணி எந்தத் தீப்பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள். "அது தேவையில்லாத திருகாணி" என்று வாய் முணுமுணுக்கிறதா? போகட்டும். அப்படியே கொஞ்சம் குனிந்து உங்கள் கால்களையும் பார்த்துக்கொள்ளுங்கள், அவை எதற்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று.