சிவப்புக் கோட்டினை உயர்த்திய குழு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாகச் செய்த மகத்தான காரியம், எங்கள் கம்பெனியில் 'பாதுகாப்புக் குழு' அமைத்ததுதான். அதன் செயலாளர் நான் என்பதால், இதைத் தன்னடக்கத்தோடுதான் சொல்கிறேன்.

எங்கள் மொட்டை மாடியிலிருந்து, கடலுக்குள் இருக்கும் எண்ணெய்க் கிணற்றுக்குத் தொழிலாளர்கள் ஹெலிகாப்டரில் போவார்கள். ஒரு தடவைக்கு எட்டுப் பேர். இனிமேல் பத்துப் பேர் என்று மேனேஜர் திருவாய் மலர்ந்தார். குழு மேசையைத் தட்டி வரவேற்றது. பைலட் மட்டும் தட்டவில்லை. மேனேஜரின் சொந்த மாப்பிள்ளை அவர்.

"சார், கிளம்பும்போதே ரெண்டு எஞ்சின்ல ஒண்ணு நின்னுட்டா, இன்னொண்ணுதான் மொத்தப் பாரத்தையும் தூக்கணும். எட்டுப் பேர்னா தூக்கும். பத்துப் பேர்னா, இந்த வெயில்ல, மாடியிலேருந்து நேரா கீழதான்."

"அந்த இன்னொண்ணைக் கொஞ்சம் முடுக்குங்களேன்" என்றார் மேனேஜர்.

"முடுக்கினா, எஞ்சின் மீட்டர்ல முள்ளு சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது சார். கோடு வரைக்கும் போனாலே ரெண்டரை நிமிஷம்தான் தாங்கும்."

கணக்கு அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டரையை அஞ்சுன்னு தீர்மானம் போட்டுட்டா?"

என்ன மூளை! நானும் சும்மா இருப்பேனா? அப்படியே கோட்டையும் ஒரு விரற்கடை மேலே ஏற்றி வரைந்துவிடலாம், பெயிண்ட் ஸ்டோரிலேயே இருக்கிறது என்றேன். ஏகமனதாக நிறைவேறியது.

"எஞ்சினுக்குத் தீர்மானம் படிக்கத் தெரியுமா மாமா?" என்றார் பைலட். கோபம் வந்தால் அவருக்கு 'சார்' மறந்துவிடும்.

"நல்லா ஓடுற எஞ்சின் ஏன் மாப்பிள்ளை நிக்கப் போவுது?"

"சரி மாமா. நாளைக்குப் பத்துப் பேரோட நானே கிளம்புறேன். உங்க பொண்ணுகிட்ட மட்டும் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தார். கண் கலங்கியதை நானே பார்த்தேன். தங்கமான மனசு அவருக்கு.

"நீங்க ஒரு மாசம் லீவு போட்டுட்டு வீட்ல இருங்க மாப்பிள்ளை."

"அப்ப அந்தப் பத்துப் பேரு?"

அவர்களை நாங்கள் அம்போவென்று விட்டுவிடுவோமா? அன்று சாயங்காலமே புதுப் பைலட்டுக்கு நேர்காணல் வைத்தோம். எஞ்சினைப் பற்றியோ எடையைப் பற்றியோ மேனேஜர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"தம்பி, உங்க மாமனார் என்ன பண்றாரு?"

"தச்சு வேலை சார்."

உடனே வேலை கொடுத்துவிட்டோம்.