ஓடும் நிலையில் உள்ள கார்

ஏட்டு தேசப்பன் ஸ்டேஷன் வாசலில் நின்ற காரின் பானட்டைத் தூக்கினார். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"யோவ் துரை! எஞ்சின் எங்கய்யா?"

கான்ஸ்டபிள் துரை எட்டிப் பார்த்தார். "கோழிதான் கீது ஏட்டய்யா."

அது ஆடு திருட்டுக் கேஸில் பிடித்த கார். திருவிடந்தை அருணகிரி நான்கு ஆடுகளைத் திருடி, அந்தக் காரில் ஏற்றிக்கொண்டு நாற்பது மைல் வேகத்தில் தப்பும்போது பிடிபட்டான் என்பது வழக்கு. வழக்கைப் போட்ட பழைய ஏட்டு மாற்றலாகிப் போய்விட்டார். பொறுப்பேற்ற அன்று தேசப்பன், வெயிலுக்குப் பயந்து நாற்காலியை விட்டு எழாமலே, 'கார் ஒன்று, ஓடும் நிலையில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். திங்கட்கிழமை செங்கல்பட்டு கோர்ட்டில் காரைக் காட்ட வேண்டும். அவர் ஓய்வு பெற இன்னும் மூன்றே மாதம்.

"ஸ்டேஷன் வாசல்லயே எவனோ எஞ்சினைக் கழட்டிகினு போயிருக்கான். வெளிய தெரிஞ்சா என் பென்சன் காலி. மெக்கானிக் ஜானகிராமனை இட்டுகினு வாய்யா!"

கருங்குழியிலிருந்து ஜானகிராமன் ஒரு பழைய வேன் எஞ்சினோடு வந்து பூட்டினான். பானட் மூடவில்லை. கயிற்றால் கட்டினார்கள்.

"நம்பர் ஒத்துப்போவுதா பாருங்க," என்றார் துரை.

காரைப் பிடித்தபோது எழுதிய மகஜரில் எஞ்சின் நம்பர் எழுதும் இடம் காலியாக இருந்தது.

"சோம்பேறிப் பய," என்று பழைய ஏட்டைத் திட்டிவிட்டு, தேசப்பன் மையில் தண்ணீர் கலந்து, பழைய எழுத்துப் போலவே புது நம்பரை எழுதி வைத்தார்.

திங்கட்கிழமை கார் கிளம்பியது. கூடவே ஹாரனும் கிளம்பியது. ஜானகிராமன் எந்த ஒயரை எதோடு முடிந்தானோ, செங்கல்பட்டு வரை அது வாயை மூடவில்லை. சத்தம் கேட்டு மாஜிஸ்ட்ரேட்டே வெளியே வந்துவிட்டார்.

அருணகிரியின் வக்கீல் பக்தவத்சலம் காரைச் சுற்றி வந்தார். அவர் முகத்தில் ஏனோ சிரிப்பு.

"ஏட்டய்யா, பிடிச்ச அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கா?"

"ஒரு ஆணி மாறலைங்க."

"எங்கே, ஓட்டிக் காட்டுங்க!"

தேசப்பன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். கார் இருமிக்கொண்டே கோர்ட் வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது. வக்கீல் திறந்த வாயை மூடவில்லை. பென்சன் கைக்கு வந்துவிட்ட நிம்மதியோடு இறங்கிய தேசப்பன், மாஜிஸ்ட்ரேட்டுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

கூட்டத்திலிருந்து அருணகிரியின் மனைவி எல்லம்மாள் ஓடிவந்து, அவரை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும் சாமி! எஞ்சின் இல்லாத கூண்டுன்னு பத்து வருசமா நாங்க ஆட்டுக் கொட்டாயா வெச்சிருந்தோம். பழைய ஏட்டு ஆட்டோட சேத்து அதையும் மாடு கட்டி இழுத்துகினு போனாரு. நீங்க இப்டி ஓடவே வெச்சிட்டீங்களே!"